ஐம்பது மில்லிமீட்டர் உயர்ந்த வண்டி

கடையின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் அவர் வண்டியின் நான்கு சக்கரங்களையும் அளப்பார். முன் இடது சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலை எடுப்பார். கண்ணாடி போட வருகிறவர்களின் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிற ஸ்கேல் அது. மூக்கின் மேல் உட்காருவதற்காக நடுவில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதை டயரின் தலைக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் தகரத்துக்கும் நடுவில் நிறுத்தி, இடது கண்ணை மூடிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு படிப்பார். உதடு மட்டும் அசையும்: நூற்றிப் பதினெட்டு. அடுத்த சக்கரம், நூற்றிப் பதினெட்டு. பின் வலது சக்கரம் மட்டும் எப்போதும் இரண்டு குறையும். "பெட்ரோல் டேங்க் அந்தப் பக்கம் இருக்கு" என்று யாரும் கேட்காமலேயே சொல்வார், கணக்கில் மார்க் குறைந்த பிள்ளைக்கு அப்பா சமாதானம் சொல்வதைப் போல. பிறகு ஸ்கேல் பைக்குள் போகும். பத்து மணிக்கு அது யாராவது ஒருவர் மூக்கின் மேல் உட்காரும். நடுவில் கழுவுகிறேன் என்பார். கழுவியதைப் பார்த்தவர் இல்லை.

அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தது அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கல்யாணமாகி மூன்றாம் மாதம் சுவரில் ஒரு ஆணி அடிப்பதற்கு மாப்பிள்ளை முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டதைப் பார்த்து வைத்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. கடைப் பலகையில் இருக்கிற பெயரைத் தபால்காரரைத் தவிர வேறு யாரும் உபயோகிப்பதில்லை.

கடை கீழே, வீடு மேலே. கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் கல், அதன் மேல் எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாய், சுவரில் பெரியதிலிருந்து சின்னதாகிக்கொண்டே போகும் எழுத்து அட்டை. இருபத்திரண்டு வருஷமாக அந்த அட்டையைக் காட்டி, கண்ணெதிரே லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று ஒரு நாளைக்கு இருபது பேரைக் கேட்கிறார். அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கடை, எந்தப் பெண், எல்லாமே ஒரே லென்ஸில் வந்து சேர்ந்தவை. அதில் அவருக்கு வருத்தமில்லை. பார்வை நன்றாகத்தான் இருந்தது.

வண்டியைத் தேர்ந்தெடுத்ததும் மனைவிதான். கடைச் சுவருக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழைகிற அளவுக்கு வேறெந்த வண்டியும் ஒல்லியாக இல்லை. இரண்டு கதவு, குட்டையான உடம்பு, வயசான இன்ஜின். நான்கு சக்கரமும் இழுக்கும் என்று விற்றவர் சொன்னதை வாங்கியவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அது மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. அப்படியே நான்கு வருஷம் ஒழுங்காக ஓடியது.

மச்சானுக்கு டைல்ஸ் கடை. அதோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் தார் ரோட்டை விட்டு இறங்கி, சேற்றிலும் பாறையிலும் வண்டி ஓட்டுகிற ஏழெட்டுப் பேருக்கு அவர்தான் தலைவர். அவருடைய வண்டி ஒரு சின்ன வீடு. உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சுத் துணைக்கு என்று மாப்பிள்ளையையும் வரச் சொன்னார். ஏரிக்கரைக்குப் பின்னால் ஒரு மண்மேடு. மச்சானின் வீடு அதில் பாதி ஏறி, அச்சு வரைக்கும் அமிழ்ந்து நின்றுவிட்டது. பின்னால் வந்த குட்டி வண்டி, வழி கேட்காத ஆடு மாதிரி, பக்கவாட்டில் ஏறி உச்சியில் போய் நின்றது. உச்சியில் நின்றுகொண்டு கீழே பார்த்தபோது மில்லிமீட்டருக்கு ஏதோ ஆகிவிட்டது. என்ன ஆனது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று மதியம் சாப்பிடும்போது இரண்டு தடவை தானாகச் சிரித்தார். மகள் கரண்டியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

அந்த மேட்டை அவர் அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து தடவை ஏறியிருப்பார். வண்டியை வாரத்தில் மூன்று நாள் துடைத்தார். தேய்க்கத் தேய்க்க மினுங்குவதுதானே லென்ஸ். இரும்பையும் அப்படியே நினைத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, காரணமே இல்லாமல், அதே மேட்டில் வண்டி மூச்சிரைத்தது. பாதியில் நின்று, பின்சக்கரம் மண்ணை வாரி இறைத்துவிட்டு, வந்த வழியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. கூட்டத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை, உங்க ஆட்டுக்கு வயசாயிடுச்சா?" என்றார் மச்சான்.

ஊர் மனிதர்களின் பார்வைக் கோளாறைப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கிறவர், வண்டியின் கோளாறையும் அதே வேகத்தில் கண்டுபிடித்தார். டயர். பல் பல்லாக இருக்கிற பெரிய டயர் வாங்கினார். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் பெரிய டயர் தகரத்தில் உரசியது. தகரத்தை வெட்டினார். அப்போதும் உரசியது. சரி என்று மெக்கானிக்கிடம் சொல்லி, ஸ்பிரிங்குக்கு அடியில் இரும்புக் கட்டை கொடுத்து வண்டியின் உடம்பை ஐம்பது மில்லிமீட்டர் உயர்த்தினார். உயர்த்தியதும் பிரேக் ஆயில் குழாய் எட்டவில்லை. நீளக் குழாய் போட்டார். அடியில் சுழலும் தண்டின் சாய்மானம் மாறி வண்டி நடுங்கியது, அதற்கொரு ஆப்பு. பாறை இடித்தால் என்ன ஆவது என்று வயிற்றுக்கு ஒரு இரும்புத் தகடு. தகட்டின் கனத்தால் வண்டி முக்கால் சென்டிமீட்டர் இறங்கியது, ஸ்பிரிங்கை மாற்றினார். ஆற்றில் இறங்கினால் இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க, கண்ணாடி ஓரமாகக் கூரை வரைக்கும் ஒரு காற்றுக்குழாய். பக்கத்தில் இருபது கிலோமீட்டருக்கு ஆறே இல்லை. ஒரு மாத்திரையின் கோளாறுக்கு இன்னொரு மாத்திரை என்று இரண்டு வருஷம் வைத்தியம் நடந்தது. நோயாளி மட்டும் மேடு ஏறவில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சந்தில் பரிசோதனை நடக்கும். மரக்கட்டைகளை அடுக்கி ஒரு சக்கரத்தை மட்டும் அதன் மேல் ஏற்றுவார். மற்ற மூன்றும் தரையைத் தொடுகின்றனவா என்று பார்ப்பதற்கு டயருக்கு அடியில் காகிதம் செருகப்பட்டிருக்கும். மகள் அதை இழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"பேப்பர் வருதாம்மா?"

"வரல."

"இப்ப?"

"இது என்னோட கெமிஸ்ட்ரி நோட்டுப் பேப்பர்ப்பா."

"வருதா, வரலையா?"

"கிழிஞ்சுடுச்சு."

கிழிந்தால் சக்கரம் நன்றாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மில்லிமீட்டருக்கு முகமெல்லாம் பல்.

இதில் நசுங்கியவள் மனைவி. அவள் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவள். பதினாலு வருஷமாக, பக்கத்து இருக்கையில் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் பொருத்திய காரில் உட்கார்ந்து, பயந்தவர்களையும் பயப்படத் தெரியாதவர்களையும் ரோட்டுக்குத் தயார் செய்கிறாள். ஊரில் பாதிப் பேரின் கால் அவள் சொல்லித்தான் இறங்கும், ஏறும். டிவியில் ஏதாவது கார் வேகமாக வந்தால், சோபாவில் உட்கார்ந்திருக்கும் அவள் கால் தரையை அழுத்தும். அவளே அதைக் கவனித்ததில்லை. வண்டி உயர்ந்த நாளிலிருந்து, கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, தம் கட்டி எம்பினால்தான் அவளால் உள்ளே போக முடிந்தது. ஒரு வாரம் எம்பினாள். பிறகு பழைய ஸ்கூட்டரைத் தூசி தட்டி எடுத்தாள். அவளுடைய அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி. ஒருநாள் மாமியார் வண்டியின் பக்கத்தில் வந்து நின்று, கதவின் அடிவிளிம்பு தன் முட்டிக்கு மேலே இருப்பதைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், வாடகைக் காரைக் கூப்பிடச் சொன்னார். அதற்குப் பிறகு மருமகனோடு பேச்சு வார்த்தை குறைந்துபோனது. வண்டியை உயர்த்தியதில் இப்படியும் ஒரு பலன் இருக்கும் என்று மில்லிமீட்டர் எதிர்பார்த்திருக்கவில்லை.

மூன்று நாள் மலைப்பாதைப் பயணம் என்று மச்சான் அறிவித்தது இந்தச் சமயத்தில்தான். வருஷத்துக்கு ஒரு தடவை போவது. பெரிய வண்டிகள் மட்டும். காப்பி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு மச்சான் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. மண்மேடே ஏறாத வண்டியை மலைக்குக் கூட்டிட்டுப் போனா, மூணு நாளும் நான் கயிறு கட்டி இழுத்துட்டுத்தான் வரணும். நான் போறது ஊர் சுத்த. ஊர்வலம் போக இல்ல."

"மண்மேடு வேற மச்சான். அது ஈரம். இப்ப ஸ்பிரிங் மாத்தியிருக்கேன், முன்னாடி ஏறும் கோணம் நாலு டிகிரி கூடியிருக்கு..."

"கோணத்தையெல்லாம் பாறைகிட்ட சொல்லுங்க. குவாரி மேடு ஏறிக் காட்டுங்க. முழுச் சுமையோட. மூணு தடவை சான்ஸ். ஏறினா லிஸ்ட்ல பேர் போடறேன்."

சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா என்னம்மா, வீட்ல இருக்கட்டும்."

"வீட்லதான் இருக்கு. நான் அதைக் கேக்கல அண்ணா." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏறலைன்னா அந்தக் கட்டையை எடுக்கணும். டயரு, குழாயி, தகடு எல்லாம் கழட்டி, வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கணும். எங்கம்மா காலைத் தூக்காம ஏறணும். சரியா?"

"அது எப்படி, ஒரே டெஸ்ட்ல..."

"நான் டெஸ்ட்டுக்கு அனுப்பற பசங்களுக்கு எத்தனை டெஸ்ட்? ஒண்ணுதான். உங்களுக்கு மூணு குடுத்திருக்காங்க."

மச்சான் மிச்சக் காப்பியைக் குடித்தார். தங்கை பேசும்போது குறுக்கே போகக்கூடாது என்பதை அவர் சின்ன வயசிலேயே கற்றவர்.

"சரி" என்றார் மில்லிமீட்டர். சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று உறைத்தது. கட்டையை எடுத்துவிட்டால் அது மறுபடியும் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. அவரும் மறுபடியும், உட்கார்ந்த இடத்திலிருந்து மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்கிறவர், அவ்வளவுதான்.

முழுச் சுமை என்றால் என்ன என்பதை ஒரு வாரம் யோசித்தார். கூடாரம், சமையல் சாமான், கயிறு, மண்வெட்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து நூற்று இருபது கிலோ. அதற்குச் சரியாக ஆறு தண்ணீர் கேன். ஓட்டுகிறவர் ஒருவர். பக்கத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும், சோதனை செல்லாது. மகள் பரீட்சை என்று தப்பித்துக்கொண்டாள். மச்சான் நடுவர். மிச்சம் இருந்தது மனைவி.

"உன் எடை எவ்வளவும்மா?" என்று பென்சிலும் காகிதமுமாக வந்து நின்றார்.

அவள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். "அறுபத்திரண்டு."

எழுதிக்கொண்டார். யோசித்தார். அடித்துவிட்டு எழுபது என்று எழுதினார்.

"அது என்ன எழுபது?"

"பாதுகாப்புக்காக. எதிலயும் பத்துப் பன்னெண்டு சதவீதம் கூட வெச்சுக்கறது நல்லது."

"இந்த வண்டி ஏறவே கூடாதுன்னு நினைக்கிறவ நான். என்னையே பக்கத்துல உட்காரச் சொல்றீங்க. அதுல இது வேற."

"நீ நினைக்கிறது எடையில சேராது" என்றார் மில்லிமீட்டர். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

குவாரியில் கல் வெட்டுவதை நிறுத்தி வருஷங்கள் ஆகியிருந்தன. லாரிகள் ஏறி இறங்கிய பழைய பாதை மட்டும் சரளையும் பிளவுமாக மிஞ்சியிருந்தது. அடியில் நின்று பார்த்தால் மேடு சாதாரணமாகத்தான் தெரியும். பாதியில், முழங்கால் உயரத்தில், ஒரு பாறைப் படி குறுக்கே கிடக்கும். பெரிய வண்டிகள் அதை மிதித்துவிட்டுப் போய்விடும். மற்றவை அங்கே நின்று யோசிக்கும், யோசித்தால் போச்சு.

காலை ஒன்பது மணிக்கு மச்சானும் கூட்டத்தில் இரண்டு பேரும் உச்சியில் போய் நின்றுகொண்டார்கள். மில்லிமீட்டர் கீழே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். டயர்களில் காற்றைப் பாதியாக இறக்கினார். காற்றுக் குறைந்த டயர் பாறையைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு டயருக்கும் மூன்று தடவை மீட்டர் வைத்துப் பார்த்தார். பிறகு முன்சக்கரங்களிடம் போனார். அந்த வண்டியில் உள்ளே கியரைத் தள்ளினால் மட்டும் நான்கு சக்கரமும் இழுக்காது. இறங்கி வந்து, முன்சக்கரங்களின் நடுவில் இருக்கிற குமிழைத் திருப்பி, ஃப்ரீ என்ற எழுத்திலிருந்து லாக் என்ற எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் திருப்பி, இடது கண்ணை மூடிச் சரிபார்த்தார்.

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா மாப்பிள்ளை?" என்று மேலிருந்து குரல் வந்தது. "லஞ்ச் கொண்டு வரலை நாங்க."

மனைவி எம்பி ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு மேலே நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் பள்ளிக்கூடப் பாகைமானியை ஒட்டியிருந்தார். வண்டி எவ்வளவு சாய்கிறது என்று நட்டு காட்டும்.

முதல் தடவை பாறைப் படி வரைக்கும் நன்றாகப் போனது. படியைத் தொட்டதும் நட்டு இருபத்தேழில் நின்றது. மில்லிமீட்டரின் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது. "இருபத்தேழு" என்று சொல்லி முடிப்பதற்குள் இன்ஜின் அணைந்து, வண்டி சரளையில் கரகரவென்று பின்னால் இறங்கியது. மனைவியின் கால் தரையை மிதித்தது. தரையில் பிரேக் இல்லை.

"ஒண்ணு" என்றது மேலே குரல்.

இரண்டாவது தடவை வேகமாகப் போனார். படியில் மோதி வண்டி துள்ளியது. பின்னால் ஆறு கேனும் ஒன்றாகக் குலுங்கின. பின்சக்கரம் இரண்டும் கல்லை வாரித் துப்பின. ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி குறுக்காகத் திரும்பப் பார்த்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். எப்படியோ நேராக வழுக்கிக் கீழே வந்து நின்றார்கள். அவர் இறங்கிப் போய், பின் ஸ்பிரிங்குக்கும் கட்டைக்கும் நடுவில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"எவ்வளவு?" என்றாள்.

"சரியாத்தான் இருக்கு."

அவர் குரலில் ஏதோ இருந்தது. அளவெல்லாம் சரியாக இருந்து, காரியம் மட்டும் நடக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கட்டையை எடுக்க எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள். நக்கலாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது அவருக்குச் சுருக்கென்றது.

"ஒரு நாள் போதும்" என்றார்.

மூன்றாவது தடவை மெதுவாகப் போனார். படியின் மேல் முன்சக்கரங்கள் ஏறிவிட்டன. பின்சக்கரங்கள் படியில் முட்டி நின்றன. வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்ஜின் திணறியது, அவர் பயத்தில் கிளட்ச்சை முழுக்க மிதிக்க, வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.

டக்கென்று ஹேண்ட் பிரேக் மேலே வந்தது. அதைப் பிடித்திருந்தது அவள் கை.

"பிரேக்ல கால வைங்க" என்றாள். அது வீட்டில் கேட்கிற குரல் அல்ல. "வண்டி என் கையில இருக்கு, எங்கயும் போகாது. பயப்படாதீங்க. அந்த நட்டைப் பார்க்காதீங்க. உச்சியைப் பாருங்க. என்ன தெரியுது?"

"உங்கண்ணன்."

"சரி, அவரையே பாருங்க. ஸ்டியரிங் நேரா. கிளட்ச்சை விடுங்க... மெதுவா. இன்னும் கொஞ்சம். வண்டியோட மூக்கு லேசாத் தூக்கும். தூக்குதா?"

"ம்."

"அங்கயே நிறுத்துங்க. கால் அசையக்கூடாது. இப்ப ஆக்ஸிலேட்டர். முட்டை மேல கால் வைக்கிற மாதிரி. உடையக்கூடாது. இன்னும். இன்னும் கொஞ்சம். நான் ஹேண்ட் பிரேக்கை விடறேன், நீங்க எதையும் மாத்தாதீங்க."

அவள் கை இறங்கியது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பின்சக்கரங்கள், ஆறு கேனும் பாதுகாப்புக்காகக் கூட்டிய எட்டுக் கிலோவும் அழுத்த, பாறையைப் பற்றி, அவசரமில்லாமல், படியின் மேல் ஏறின.

"வெரி குட். விடாதீங்க. அப்படியே போங்க. அப்படியே... அப்படியே..."

உச்சியில் மச்சான் வழிவிட்டு ஒதுங்கினார்.

"இண்டிகேட்டர் போட்டு ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

ஆள் நடமாட்டமில்லாத குவாரியின் உச்சியில் மில்லிமீட்டர் இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்தினார். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தான் எந்தக் கட்சி என்பது ஞாபகம் வந்தது.

"என்னம்மா இது?" என்று மச்சான் ஜன்னலில் தலையை நீட்டினார். "நீ எதிர்க்கட்சின்னுல்ல நினைச்சேன்."

"எனக்கு எதிர்ல ஒருத்தர் கிளட்ச்சைத் தப்பா மிதிச்சா சும்மா இருக்க முடியாது" என்றாள் எரிச்சலோடு. எரிச்சல் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

மில்லிமீட்டர் இதையெல்லாம் கேட்கவில்லை. இறங்கி முன் டயரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒத்துக்கறேன் மாப்பிள்ளை" என்றார் மச்சான். "முன்சக்கரம் ஒரு சுத்துகூட வழுக்கல. பின்னாடிதான் கல்லு பறந்துச்சு. முன்னாடி அப்படியே ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

"அதுதான் மச்சான் இந்த டயரோட குணம்" என்றார் மில்லிமீட்டர். பெருமை பிடிபடவில்லை. "கட்டை, டயர், ஸ்பிரிங் மூணும் சேர்ந்து செஞ்ச வேலை."

மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பார் என்று மனைவி சற்று நேரம் காத்திருந்ததாகத் தெரிகிறது. அவர் ஆப்பையும் சேர்த்துக்கொண்டார்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வண்டி உயரத்திலேயே இருந்தது, லிஸ்டில் பெயர் ஏறியது. மனைவி ஒன்று மட்டும் கேட்டாள்: இடது கதவுக்குக் கீழே கால் வைக்க ஒரு இரும்புப் படி. படி வைத்தால் தரைக்கும் வண்டிக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி நூற்று நாற்பது மில்லிமீட்டர் குறையும் என்று அவர் வரைபடம் போட்டுக் காட்டினார். அவள் வரைபடத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு படி செய்யப்பட்டது. மாமியார் அதில் கால் வைத்து ஏறி, இருக்கையில் உட்கார்ந்து, "நல்ல உயரம். எல்லாம் தெரியுது" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் மருமகனிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

மலைப்பாதையில் மூன்று நாளும் குட்டி வண்டி யாருடைய கயிற்றுக்கும் வேலை வைக்கவில்லை. இரண்டாம் நாள், மழை பெய்து களியாகிக் கிடந்த ஒரு சரிவில், மச்சானின் வீட்டை அதுதான் கயிறு கட்டி இழுத்தது. திரும்பி வந்த மில்லிமீட்டர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும், லென்ஸை மாற்றுகிற இடைவெளியில், ஒரு விஷயத்தை விளக்கினார். குவாரியைவிட மலையில் வண்டி இரண்டு மடங்கு நன்றாக இழுத்தது. காரணம் என்ன? கிளம்புவதற்கு முன் பின் வலது ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டர் வாஷர் ஒன்று போட்டிருந்தார். அந்த இரண்டு மில்லிமீட்டர்தான். எழுத்து அட்டையின் கடைசி வரியைப் படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நடந்தது என்ன என்பது பல மாதம் கழித்து மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது. மலைக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, முன்சக்கரங்களுக்கு கிரீஸ் வைக்க வண்டி அவரிடம் வந்திருக்கிறது. ஜாக்கியில் தூக்கி, குமிழை லாக்கில் வைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது சும்மா சுற்றியது. ஃப்ரீயில் வைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் குனிந்து பார்த்தார். குமிழைச் சுற்றியிருந்த வளையத்தில் இருந்தது கம்பெனி எழுத்தில்லை. அது துடைத்துத் துடைத்தே தேய்ந்து போயிருந்தது. அதன் மேல் யாரோ மயிரிழைப் பிரஷ்ஷால் முத்து முத்தாக மறுபடி எழுதியிருந்தார்கள். எழுதுவதற்காக வளையத்தைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது அரைச்சுற்று மாற்றி மாட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும்.

டிரைவிங் ஸ்கூல் கார்களும் அந்த மெக்கானிக்கிடம்தான் வரும். அதனால் அவர் முதலில் போன் செய்தது மனைவிக்கு.

"அக்கா, முன்சக்கரத்துல சார் எழுத்து எழுதினாரே, அது எப்ப?"

அவள் யோசித்திருக்கிறாள். "பெரிய டயர் வாங்கறதுக்கு முந்தின மாசம். மண்மேட்ல நிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. ஏன்?"

மெக்கானிக் சொன்னார். இந்த இரண்டு வருஷமும் மேடு ஏறும்போதெல்லாம் வண்டி பின்சக்கரம் இரண்டில்தான் ஓடியிருக்கிறது. குவாரியும் அப்படித்தான் ஏறியிருக்கிறது. நான்கும் இழுத்திருந்தால் பழைய டயரே போதும், கட்டையே வேண்டியிருக்காது.

யாரோ புது ஆள் கியரைக் கரகரவென்று போடுவது மட்டும் போனில் கேட்டது. பிறகு அவள் சொன்னாளாம்:

"சரியா மாட்டி வெச்சிடுங்க. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்."